கணப்பு எரிந்த இரவுகளில் வீடு ஏன் குளிர்ந்தது: பீற்றர்பரோ வீடொன்றின் மூன்று குளிர்காலங்கள்

கணப்பில் நெருப்பு மூட்டிய இரவுகளில்தான் எங்கள் வீட்டில் மின்சாரம் அதிகம் செலவாகியிருந்தது.

2022 பெப்ரவரியில் வந்த மின்கட்டணத்தைப் பார்த்த அதிர்ச்சியில், மின்மானி மணிக்கு மணி பதிந்துவைக்கும் கணக்கை இணையத்தில் திறந்து பார்த்தேன். சில இரவுகளில் மட்டும் ஏழு மணி தொடங்கி விடியும்வரை வரைபடம் மேடு கட்டி நின்றது. அந்த இரவுகளில் என்ன செய்தோம்? நெருப்பு மூட்டிய நாள்களைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அம்மாவிடம் ஒரு பதிவேடு இருந்தது. கணப்பு எரியும்போதெல்லாம் அதைப் படமெடுத்து யாழ்ப்பாணத்திலிருக்கும் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படங்களின் திகதியையும் மின்மானியின் மேடுகளையும் ஒன்றுக்கொன்று ஒட்டிப் பார்த்தேன். பதினொரு படங்களில் ஒன்பது அப்படியே பொருந்தின. மற்ற இரண்டும் குளிர் குறைந்த நாள்கள்.

சூடாக்குவதற்காக மூட்டிய நெருப்பு வீட்டைக் குளிரவைத்திருக்கிறது. அந்த விந்தையை விளங்கிக்கொள்ள ஒரு கோடைகாலமும், சரிசெய்ய இரண்டு குளிர்காலங்களும், ஏழாயிரம் டொலருக்குச் சற்று மேலேயும் ஆயின. எங்கே பிழைவிட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கிய பெட்டியைவிட, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்த ஒரு தகடும் காய்ந்த விறகுமே அதிகம் வேலைசெய்தன என்பது என் முடிவு.

வீடும் கணப்பும்

பீற்றர்பரோ, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவிலிருந்து வடகிழக்காக ஒன்றரை மணிநேர ஓட்டம். எங்கள் வீடு 1974இல் கட்டியது. ஒரே தளம், 1,200 சதுர அடி, கீழே நிலக்கீழ் அறை. மின்சாரம் என்றும் மலிவாகவே கிடைக்கும் என்று நம்பப்பட்ட காலத்து வீடு என்பதால் அறைக்கு அறை சுவரோரம் நீளமாகக் கிடப்பவை மின் ஹீற்றர்கள். எரிவாயுக் குழாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

வரவேற்பறையின் வடக்குச் சுவரில் செங்கல் கணப்பு. வாய் 36 அங்குல அகலம். புகைபோக்கி முழுவதும் வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஏறுகிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் வடகாற்றில் நாள் முழுவதும் விறைத்துக் கிடக்கும் ஒரு கல்தூண் அது. உள்ளே இருக்கும் காற்றும் விறைத்துக் கனத்து, மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கும். காலையில் வரவேற்பறைக்குள் நுழைந்தால் பழைய கரி மணம் வருவது அதனால்தான். நெருப்பு மூட்டும்போது முதல் ஐந்து நிமிடம் புகை அறைக்குள் திரும்புவதும் அதனால்தான். நாங்கள் அதை ‘விறகின் குணம்’ என்று நினைத்திருந்தோம்.

ஒரு சின்னக் கணக்கு

திறந்த கணப்பு எரியும்போது புகையை மட்டும் மேலே அனுப்புவதில்லை. அறைக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. நிமிடத்துக்குச் சில நூறு கன அடி என்பது வழக்கமான அளவு. 300 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டின் கொள்ளளவு 1,200 சதுர அடியை எட்டடி உயரத்தால் பெருக்கினால் 9,600 கன அடி. அதாவது அரை மணிநேரத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டுக் காற்று முழுவதும் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப யன்னல் விளிம்பு, கதவடி, மின்செருகித் துளை என்று கிடைத்த ஓட்டைகளிலெல்லாம் வெளிக்காற்று நுழைகிறது.

வெளியே மைனஸ் 10 பாகை, உள்ளே 20 பாகை என்றால், நுழையும் காற்றைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 5 கிலோவாற் வேண்டும். 1,500 வாற் ஹீற்றர்கள் மூன்று முழு வேகத்தில் ஓடினாலும் போதாது.

கணப்பு என்ன திருப்பித் தருகிறது? மணிக்கு 4 கிலோ விறகு எரித்தால் கணப்புக்குள் உண்டாகும் வெப்பம் 16, 17 கிலோவாற். ஆனால் திறந்த கணப்பில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே அதிகம். 1.7 கிலோவாற் வரவு, 5 கிலோவாற் செலவு. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் பொசுங்கும், முதுகு குளிரும், படுக்கையறை ஹீற்றர்கள் ஓயாமல் ஓடும். இரவு பத்து மணிக்கு நெருப்பு அடங்கினாலும் தணல் கிடக்கும்வரை புகைவாய் மூடியை அடைக்க முடியாது. அடைத்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு அறைக்குள் தேங்கும். ஆகவே விடியும்வரை அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். மின்மானியின் மேடு விடியும்வரை நீண்டதன் காரணம் இது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பெஞ்சமின் பிராங்கிளின் 1740களிலேயே கணப்புக்குள் வைக்கும் இரும்புப் பெட்டியொன்றை வடிவமைத்து, வெப்பமெல்லாம் புகைபோக்கியில் போகிறதே என்று புலம்பித் துண்டுப் பிரசுரம் எழுதினார். மசாசுசெற்ஸில் பிறந்து ஐரோப்பாவில் பெயர்பெற்ற ரம்போர்ட் பிரபு 1790களில் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகை போகும் கழுத்தை நெருக்கினார். இத்தனைக்கும் பிறகு 1974இல் எங்கள் வீட்டைக் கட்டியவர் ஆழமான பெட்டியும் அகன்ற கழுத்தும் வைத்திருக்கிறார். ரம்போர்ட் பார்த்திருந்தால் உடைத்துப்போட்டிருப்பார்.

எதை வாங்குவது

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மின் ஹீற்றர் உள்ள வீட்டில் கட்டணத்தைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கும் ஹீற் பம்ப் பூட்டுவதே நல்ல வழி. நாங்கள் விறகின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணங்கள் வேறு. மின்தடை இங்கே அடிக்கடி வரும். விறகு மலிவு. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் டெற்றோயிற், வின்ட்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை வரிசையாகக் கொன்றுவருகிறது. பட்டுநிற்கும் மரங்களை வெட்டி அகற்ற ஆள் தேடுகிறார்கள். மூன்றாவது காரணம், அம்மாவுக்கு நெருப்பு வேண்டும்.

கணப்பின் வாய்க்குள் செருகும் விறகடுப்பைக் கடைக்காரர்கள் ‘இன்சேர்ட்’ என்கிறார்கள். செருகடுப்பு என்று நான் எழுதுகிறேன். தடித்த இரும்புத் தகட்டுப் பெட்டி. முன்னால் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவு. பெட்டியைச் சுற்றி இன்னொரு உறை. இரண்டுக்கும் நடுவே அறைக் காற்றை ஒரு விசிறி ஓட்டிச் சூடாக்கி வெளியே தள்ளும். கதவு மூடியிருப்பதால் நெருப்பு எரியத் தேவையான காற்று மட்டுமே உள்ளே போகும். திறந்த கணப்பு குடித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பெட்டியின் உச்சியில் துளையிட்ட குழாய்கள் நான்கு. அவற்றின் வழியே சூடேறிய காற்று புகைக்குள் பாயும்போது, புகையே தீப்பற்றி எரியும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதான். 600 பாகை அளவுக்கு உள்ளே சூடேறினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் கண்ணாடி வழியே பார்த்தால், சுவாலை விறகிலிருந்து எழாமல் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குவதுபோல் இருக்கும். அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, விறகு கீழே இருக்கிறது, நெருப்பு மேலே எரிகிறது” என்று சொல்லி, சித்திக்குப் படம் அனுப்பாமல் காணொளியாகவே அனுப்பினார்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2020 விதிப்படி புதிய விறகடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் நுண்துகள் விடக்கூடாது. உண்மையான விறகை வைத்துச் சோதித்திருந்தால் 2.5 கிராம் வரை விடலாம். கனடாக் கடைகளில் கிடைப்பவையும் பெரும்பாலும் இந்தச் சான்று பெற்றவைதான். மொன்றியல் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், 2018 ஒக்ரோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடும் எந்தக் கணப்பையும் அடுப்பையும் எரிக்கத் தடைவிதித்திருக்கிறது. மூன்று மணிநேரத்துக்கு மேல் மின்தடை நீடித்தால் மட்டுமே விலக்கு. எங்கள் ஊரில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறது. மலிவாகக் கிடைத்த பழைய அடுப்பொன்றை வேண்டாம் என்று விட்டதற்கு அதுவே போதுமான காரணம்.

வாங்கும்போது ஒரு பிழைவிட்டோம். கணப்பின் வாயோடு வாயாகச் சமமாக நிற்கும் வகையும் உண்டு. தளமேடைமேல் ஓரடி முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் வகையும் உண்டு. சமமாக நிற்பதுதான் பார்க்க அழகு. அதையே எடுத்தோம். அந்தப் பிழைக்கான விலையை 2025 மார்ச்சில் கொடுத்தோம்.

பொருத்திய நாள்

2022 ஒக்ரோபர். விறகு வெப்பமூட்டிகளுக்கான ‘வெற்’ சான்று பெற்ற இருவர் வந்தார்கள். இங்கே அந்தச் சான்று பெற்றவர் பரிசோதித்துக் கொடுக்கும் அறிக்கையை வீட்டுக் காப்புறுதி நிறுவனம் கேட்கும். அறிக்கை இல்லாமல் விறகடுப்பு வைத்திருந்து தீப்பிடித்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டிவரும். ஆகவே இந்த வேலையை மச்சானையும் தெரிந்த மேசனையும் வைத்து முடிக்கலாம் என்ற யோசனையை முதல் நாளே கைவிட்டேன்.

முக்கியமான வேலை பெட்டியை உள்ளே தள்ளுவது இல்லை. புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குவது. லைனர் என்பார்கள். எங்களுடையது ஆறு அங்குல விட்டம், வளையக்கூடியது. பழைய களிமண் ஓட்டுக் குழலின் உள்வெட்டு ஏறத்தாழ 110 சதுர அங்குலம். லைனரின் வெட்டு 28. நான்கில் ஒன்று. செருகடுப்பு விடும் கொஞ்சப் புகையை அந்தப் பெரிய குழலுக்குள் விட்டால், அது விரிந்து, குளிர்ந்து, வேகம் குறைந்து, கிரியோசோற் என்ற தார்போன்ற பிசினாகச் சுவரில் ஒட்டும். புகைபோக்கித் தீ அதிலிருந்துதான் தொடங்குகிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் விறகடுப்புக்கு ஓடியவர்கள் பலர், லைனர் இல்லாமல் பெட்டியைக் கணப்புக்குள் வெறுமனே தள்ளிவிட்டு எரித்தார்கள். அப்படி எரித்த வீடுகளில் புகைபோக்கித் தீ வந்ததில் வியப்பில்லை.

எங்கள் புகைபோக்கி வெளியே நிற்பதால், லைனரைச் சுற்றி அரை அங்குலத் தடிப்பில் வெப்பம் தாங்கும் நார்ப்போர்வை சுற்றி, அதன்மேல் எஃகு வலை கட்டினார்கள். புல்தரையில் முப்பதடிக்குக் கிடத்தி இருவரும் சுற்றியதைப் பார்த்த அம்மா, பிரேதம் கட்டுவதுபோல் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய புகைவாய் மூடியின் இரும்புச் சட்டம் வழிவிடவில்லை. அரைமணிநேரம் கிரைண்டரால் அறுத்தார்கள். வரவேற்பறை முழுக்க இரும்பு மணம். கூரைமேல் ஏறியவர் மூன்று அடி, இரண்டு அடி, பத்து அடி என்று அளந்தார்: புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி உயர வேண்டும், பத்து அடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டு அடி உயர வேண்டும். எங்களுடையது இரண்டரை அங்குலம் குறைவு. மேலே ஒரு சிறு நீட்டலும் மழைமூடியும் வைத்துச் சரிசெய்தார்கள். கீழே கதவுக்கு முன்னால் 18 அங்குலத்துக்குத் தீப்பிடிக்காத தளம் இருக்க வேண்டும். செங்கல் மேடை 16 அங்குலந்தான். ஒரு கற்பலகை வாங்கிப் போட்டோம்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. அறிக்கை கையில் கிடைத்தது. எல்லாம் சரி என்று நினைத்தோம்.

சரியாக இல்லை

2022–23 குளிர்காலம் ஏமாற்றம். மின்மானியின் மேடுகள் போயின, உண்மை. ஆனால் வரவேற்பறை 19 பாகையைத் தாண்டவே இல்லை. கண்ணாடி இரண்டாம் நாளே கறுத்தது. விசிறியிலிருந்து வெதுவெதுப்பான காற்றுத்தான் வந்தது. குழாய்களில் அந்தத் தலைகீழ்ச் சுவாலையைக் கிழமைக்கு ஒருதடவை கண்டால் அதிர்ஷ்டம்.

மூன்று காரணங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது அம்மா. விறகு விற்றவர் ‘ஒரு வருடம் காய்ந்தது’ என்று உறுதி சொல்லித்தான் இறக்கிவிட்டுப் போனார். அம்மா ஒருநாள் கராஜுக்குள் போய், இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். ‘தொப்’ என்றது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் விறகு விற்கும் காலைக்குப் போய்த் தட்டிப்பார்த்து வாங்கிய கை அது. “காய்ந்த விறகு என்றால் கிணீரென்று கேட்க வேண்டும். இது வாழைத்தண்டு” என்றார். நான் நம்பாமல் இருபது டொலருக்கு ஈரமானி வாங்கினேன். விறகின் வெளிப்பக்கத்தில் ஊசியை வைத்தால் 19 சதவீதம். நல்லதுதானே என்றேன். “பிளந்து பார்” என்றார். பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் வைத்தேன். 34.

34 சதவீதம் என்பது தாளில் சிறிய எண். அடுப்பில் அது என்ன? ஈரமானி காட்டுவது காய்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதை. அப்படிப் பார்த்தால், ஒருதடவை போடும் 8 கிலோ விறகில் 2 லீற்றர் தண்ணீர். ஒரு பெரிய கேத்தில் தண்ணீரை ஒவ்வொரு முறையும் நெருப்பில் ஊற்றி, அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிப் புகைபோக்கியால் அனுப்பிவிட்டு, மிச்சச் சூட்டில் நாங்கள் குளிர்காய்ந்திருக்கிறோம். உள்ளே 600 பாகை எப்படி வரும்? கண்ணாடி எப்படிக் கறுக்காமல் இருக்கும்? 20 சதவீதத்துக்குக் கீழே வராத விறகை எந்த நல்ல அடுப்பும் எரிக்காது, புகைக்கும்.

அளவிலும் ஏமாந்திருந்தோம். ஒரு கோர்டு என்பது நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளம், 128 கன அடி. இங்கே அதை ‘புஷ் கோர்டு’ என்பார்கள். ‘ஃபேஸ் கோர்டு’ என்றால் அதே உயரமும் நீளமும், ஆனால் ஒரே வரிசை. 16 அங்குலத் துண்டென்றால் மூன்றிலொரு பங்கு. நாங்கள் கோர்டு என்று நினைத்துக் காசு கொடுத்தது ஃபேஸ் கோர்டுக்கு.

இரண்டாவது, நாற்பது வருடமாக விறகில் வாழும் பக்கத்து வீட்டு முதியவர். வந்தார், அடுப்பின் அலங்காரச் சட்டத்தைக் கழற்றச் சொன்னார், உள்ளே கையை விட்டார். “மேலே எதுவும் இல்லையே” என்றார். லைனர் ஏறும் இடத்தைச் சுற்றி, பழைய மூடி இருந்த இடம் அப்படியே திறந்து கிடந்தது. அடுப்பின் முதுகும் தலையும் விடும் சூடு அந்த ஓட்டை வழியே ஏறி, வெளியே நிற்கும் செங்கல் தூணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கியின் மேல்வாய் லைனரைச் சுற்றி அடைத்திருந்ததால் காற்று வெளியேறவில்லை. ஆனால் சூடு மேலே போய், குளிர்ந்து, திரும்பி வந்தது. அங்கே ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். எங்கள் அடுப்பின் கையேடு அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆகவே பொருத்தியவர்கள் வைக்கவில்லை. கேட்டிருந்தால் வைத்திருப்பார்கள். கேட்க எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதில் யாரை நோவது?

மூன்றாவது குற்றவாளி குசினி. மீன் பொரிக்கும் நாள்களில் சமையல் அடுப்பின் மேலிருக்கும் புகையுறிஞ்சியை அம்மா உச்ச வேகத்தில் வைப்பார். அதே நேரத்தில் நான் விறகு போடச் செருகடுப்பின் கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். உறிஞ்சி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. புகைபோக்கியும் இழுக்கப் பார்க்கிறது. பலம் கூடியது வெல்கிறது. இதற்கு மருந்து காசில்லாதது: விறகு போடும் இரண்டு நிமிடம் உறிஞ்சியை நிறுத்துவது, அல்லது குசினி யன்னலை இரண்டு விரல்கடை திறந்துவைப்பது. சிரிக்கக்கூடிய விடயம் இல்லை. புகை திரும்பும் வழியில்தான் கார்பன் மொனொக்சைட்டும் திரும்பும். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான எச்சரிக்கை மணி வைத்திருப்பது ஒன்ராறியோவில் சட்டம்.

2023 ஏப்ரலில் புகைபோக்கி துடைக்க வந்தவர் அரை வாளி எடுத்தார். தூள் இல்லை, கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும் செதில்கள். ஒரே குளிர்காலத்தில் இவ்வளவா என்று என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

திருத்தியது

கோடையில் செய்த வேலைகளில் பெரிய செலவு எதுவும் இல்லை. அதே நிறுவனத்தாரையே கூப்பிட்டு, அடுப்பை வெளியே இழுத்து, இரண்டு துண்டாக வெட்டிய எஃகுத் தகட்டை லைனரின் கழுத்தைச் சுற்றிப் பொருத்தி, வெப்பம் தாங்கும் பூச்சால் விளிம்பை அடைத்து, மேலே கல்நார்ப்பஞ்சு திணிக்கச் செய்தேன். ஆஸ்பெஸ்டஸ் இல்லை, எரிமலைக் கல்லை உருக்கி நூற்கும் கம்பளி. அரைநாள் வேலை.

விறகு விடயத்தில் அம்மாதான் மேற்பார்வை. பட்டுப்போன ஆஷ் மரத்தை அறுத்துத்தருபவரிடம் இரண்டு புஷ் கோர்டு, ஏப்ரலில் வாங்கினோம். ஆஷ் இயல்பிலேயே ஈரம் குறைந்த மரம். ஒரு கோடையில் ஒருவாறு காய்ந்துவிடும். ஓக்குக்கு இரண்டு வருடமாவது வேண்டும். எல்லாவற்றையும் பிளந்து, தரையில் படாமல் பலகைச் சட்டங்களின்மேல், தெற்கு வெயில் படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்கினோம். நான் முழுவதையும் தறப்பாளால் மூடிக் கட்டினேன். அம்மா அவிழ்த்தார். மேலே மட்டும் மூட வேண்டுமாம், பக்கங்களில் காற்று ஓட வேண்டுமாம். பொதி செய்து வைத்தால் விறகு புழுங்கும், காயாது. செப்ரெம்பரில் பிளந்து பார்த்தேன். 17. தட்டிப் பார்த்தேன். கிணீர்.

நெருப்பு மூட்டும் முறையை மாற்றிக்கொண்டேன். பெரிய துண்டுகள் கீழே, நடுத்தரம் அதற்குமேல், சுள்ளியும் கடதாசியும் உச்சியில். மேலிருந்து கீழே எரியவிடுவது. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். ஆனால் சுள்ளியின் சுவாலை முதலில் புகைபோக்கியைச் சூடாக்கி இழுவையை உண்டாக்கிவிடுகிறது. பெரிய துண்டுகள் விடும் புகை அந்தச் சுவாலைக்குள்ளாகவே எழுந்து எரிந்துபோகிறது. காற்றுவழியை ஒரேயடியாக அடைக்காமல் இருபது நிமிடத்தில் மூன்று படியாகக் குறைப்பேன். இரவு முழுக்கப் புகைந்துகொண்டிருக்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுப் படுப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் சேர்த்துவைத்திருப்பது வெப்பத்தை இல்லை, தாரை.

வரவேற்பறை இப்போது 23 பாகை. சில நாள் யன்னல் திறக்கவேண்டி வருகிறது. கடைசியில் இருக்கும் வடக்குப் படுக்கையறைக்குச் சூடு போகவில்லை. வரவேற்பறையிலிருந்து அங்கே சூட்டை ஊதிப் பார்த்தேன், பலனில்லை. முதியவர் சொன்னபடி சின்ன மேசைவிசிறியை நடைவழித் தரையில் வைத்து, படுக்கையறையின் குளிர்காற்றை அடுப்புப் பக்கம் ஊதவிட்டேன். தரையோடு குளிர் வர, அந்த இடத்தை நிரப்பக் கூரையோரமாகச் சூடு தானே போனது. 14 பாகையிலிருந்து 17 பாகை. அதற்குமேல் ஏறவில்லை.

2023–24இல் மின்கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதை வைத்துப் பெருமையடிக்க முடியாது. கனடா பதிவுசெய்த குளிர்காலங்களிலேயே வெப்பம் கூடியது அது. அடுத்த குளிர்காலம் வழமையான குளிர். 2022இல் கணப்பு எரிந்த இரவுகளுக்கு ஒத்த குளிர் இரவுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன். முன்பு மணிக்கு ஐந்து அலகுக்கு மேலே நின்ற மின்மானி, இப்போது இரண்டுக்குக் கீழே. விறகுச் செலவைக் கழித்தால், போட்ட முதல் திரும்பிவர எட்டு ஒன்பது வருடம் ஆகும். சீக்கிரம் என்று சொல்லமாட்டேன்.

2025 மார்ச்

மார்ச் 28ஆம் திகதி தொடங்கி மூன்று நாள் உறைமழை பெய்தது. மத்திய ஒன்ராறியோ முழுக்கக் கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தில் முறிந்து கம்பிகளின்மேல் விழுந்தன. இரவில் துப்பாக்கிச் சத்தம்போல் மரங்கள் வெடிப்பது கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு அவரிடம் வேறு நினைவுகள் இருக்கின்றன.

எங்களுக்கு ஐந்து நாள் மின்சாரம் இல்லை. இதற்காகத்தானே அடுப்பு வாங்கினோம்? அடுப்பு எரிந்தது. விசிறி ஓடவில்லை. சமமாக உள்வாங்கிய பெட்டி என்பதால், விசிறி இல்லாமல் கண்ணாடி வழியே வரும் சூடு மட்டும்தான். 23 பாகை அறை 18 பாகைக்கு இறங்கியது. நீட்டிக்கொண்டு நிற்கும் வகையாக இருந்திருந்தால் அதன் தலையும் பக்கங்களும் அறைக்குச் சூடு கொடுத்திருக்கும். மேலே ஒரு பானையும் வைத்திருக்கலாம். அம்மா அரிசிப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானை வைக்க மூன்று விரல் அகல விளிம்புகூட இல்லை. “வடிவு பார்த்து வாங்கினால் இப்படித்தான்” என்றார்.

ஆனால் எல்லோரும் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தோம். பக்கத்து வீட்டு ஆஸ்துமாப் பிள்ளையும் தாயும் இரண்டு இரவு எங்களோடு. தணலை முன்னே இழுத்து உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் சுட்டோம். சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலைப் பாணோடு அந்தப் பிள்ளை மூன்று தடவை கேட்டு வாங்கியது.

ஏப்ரலில் ஒரு கிலோவாற்-மணி மின்கலப் பெட்டி வாங்கினேன். விசிறிக்கு 100 வாற்கூட வேண்டாம். ஒரு இரவு முழுக்க ஓடும். சாம்பலுக்கு மூடியுள்ள தகர வாளி ஏற்கெனவே இருந்தது. அதை வீட்டுக்கு வெளியே, மரப்படியிலிருந்து தள்ளித்தான் வைப்போம். மூன்றாம் நாள் கிளறினாலும் உள்ளே கங்கு சிவந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2025 ஒக்ரோபரில் புகைபோக்கி துடைக்க அதே மனிதர் வந்தார். இரண்டு மணிநேரம் ஒதுக்கி வந்தவர் நாற்பது நிமிடத்தில் இறங்கிவிட்டார். வாளியைச் சரித்துக் காட்டினார். ஒரு தேநீர்க் கோப்பை அளவு, கபில நிறத்தில் மாவுபோன்ற தூள். இப்போது என்ன விறகு எரிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். பதில் சொல்லாமல் அடுக்கிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து, அவருடைய காதுக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினார்.